புற்றுநோயும் தவக்குலும்: சிகிச்சைத் தீர்மானத்தில் உள்ளத்தின் பங்கு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடப்போர் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகளைக் காண்பர். 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பின்னர், ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த இந்நிலப்பகுதி தெற்கே ஒரகடம் வரை தொழில் வட்டாரமாக மாறிவிட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களால் இங்குள்ள சிற்றூர்ப் பள்ளிவாசல்களில் ஜுமுஆவுக்கு இடம் போதாத நிலை இன்று காணப்படுகிறது.

இவ்வட்டாரத்தின் இரு திசைகளிலும் புற்றுநோய்க்கெனவே அமைந்த மருத்துவமனைகள் இரண்டு உள்ளன. கிழக்கே அடையாறு புற்றுநோய் நிறுவனம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் கண்ட கனவு அது. 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், இந்நோய்க்கே இலக்காகி 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனை. இரண்டுமே ஓரிரு மணி நேரப் பயணத்தில் எட்டக் கூடியவை. ஆகவே தொலைவு இங்கே பெருந்தடையன்று. எனினும், உடலில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளுக்கும் இவ்விரண்டில் ஒன்றின் வாயிலை மிதித்த நாளுக்கும் இடையே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அம்மாதங்களில் மனித உள்ளத்தில் நடப்பது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரகடத்தில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் ஜுமுஆவுக்குப் பின் நம்மைச் சந்தித்தார். அவருடைய தாயாருக்கு மார்பில் கட்டி. ஊசி வைத்து எடுத்த பரிசோதனையில் புற்று என்று தெரிந்துவிட்டது. அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். தாயாரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. "ஹஜ்ரத், அம்மாகிட்ட மறைக்கிறது பொய்யில சேருமா?" என்பது அவர் கேள்வி. உள்ளம் உடைந்துவிடாதிருக்க மறைப்பதில் தவறில்லை, நீர்க்கட்டி என்று சொல்லிக்கொள்ளுங்கள், சபர் செய்யச் சொல்லுங்கள் என்று நாம் கூறினோம். அவ்வளவில் நம் கடமை முடிந்தது என்றும் எண்ணிக்கொண்டோம்.

அந்தத் தாயார் அறிவுடையவர். வெறும் நீர்க்கட்டிக்கு எதற்கு அறுவை என்று கேட்டார். மகனிடம் விடையில்லை. சபர் செய்யும்படி ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறாரே என்று அவர் சபர் செய்தார்; நாட்டு வைத்தியரிடம் பற்றுப் போட்டுக்கொண்டார். ஐந்து மாதங்கள் கழிந்தன. அவர் எடுத்த முடிவில் பிழை இல்லை. அவருக்குத் தரப்பட்ட செய்தியில்தான் பிழை இருந்தது. அதில் நம் பங்கும் உண்டு.

இந்நோயின் பெயரிலிருந்தே அச்சம் தொடங்குகிறது எனலாம். அரபியில் இதற்கு 'ஸரத்தான்' என்று பெயர். நண்டு என்பது அதன் பொருள். கிரேக்கச் சொல்லுக்கும் இலத்தீன் சொல்லான கேன்சருக்கும் அதே பொருள்தான். மார்புக் கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நரம்புகள் நண்டின் கால்களைப் போல் தோன்றுவதை ஜாலினூஸ் என்று அரபிகள் அழைத்த கிரேக்க மருத்துவர் காலன் குறிப்பிட்டுள்ளார். தமிழ் வேறொரு உருவகத்தைத் தேர்ந்துகொண்டது. புற்று என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது மண்ணுக்கடியில் எங்கெங்கோ ஓடும் வளைகள். உள்ளே பாம்பிருக்கலாம் என்ற ஐயம். நண்டு பிடித்த இடத்தைக் காணலாம். புற்றின் உள்ளே யாரும் காண முடியாது. நோயைக் காட்டிலும் நோயின் உருவகம் மனிதரை வதைப்பதுண்டு என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1978இல் ஒரு நூலே எழுதினார். அவரும் இந்நோய்க்கு ஆளானவர். நம் வீடுகளில் இப்பெயரைச் சொல்லவே நாக்கூசுகிறார்கள். 'அந்த நோய்' என்பர். 'கெட்ட கட்டி' என்பர். பெயர் சொல்ல முடியாத ஒன்றைப் பற்றி ஒருவர் எவ்வாறு ஆலோசித்து முடிவெடுப்பார்?

அச்சம் மனிதனை மருத்துவரிடம் விரைந்தோடச் செய்யும் என்று நாம் கருதுகிறோம். சிறிய அச்சம் அவ்வாறு செய்கிறது. பேரச்சம் அதற்கு எதிரானதைச் செய்கிறது. பரிசோதனை செய்யாத வரை தமக்கு அந்நோய் இல்லை என்ற நம்பிக்கையின் நிழலில் ஒருவர் இருக்கலாம். பரிசோதனை அந்நிழலை நீக்கிவிடும். எனவே அவர் நோயை விட்டு ஓடவில்லை, செய்தியை விட்டு ஓடுகிறார். அதற்குத் துணை நிற்பது ஓர் உடலியல் உண்மை. மார்பில் தோன்றும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. உழைத்து உண்பவர்கள் நோயை அளக்கும் அளவுகோல் ஒன்றே: வேலை செய்ய முடிகிறதா, இல்லையா? இரவு ஷிப்ட் முடித்துப் பேருந்தில் வந்து சமையலும் முடிக்கும் ஒரு பெண்மணி வலியில்லாத கட்டியை நோய் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. கண்ணால் கண்டவற்றிலிருந்து பிறந்த நம்பிக்கை இது. முற்றிய நிலையில் வந்தவருக்கு அறுவை செய்யப்படுகிறது. சில மாதங்களில் அவர் மறைந்துவிடுகிறார். நன்றாகத்தான் இருந்தார், கத்தி வைத்த பிறகே போய்விட்டார் என்று உறவினர் பேசுவர். முன்னர் நடந்தது பின்னர் நடந்ததற்குக் காரணம் என்று கொள்வது மனித அறிவின் பழைய சறுக்கல். நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. கத்தி அதைக் கண்டது, அவ்வளவே. தொடக்க நிலையில் அறுவை செய்துகொண்டு 20 ஆண்டுகள் வாழ்ந்தவர் தம் கதையைத் தெருவில் சொல்வதில்லை. மகளின் திருமணம் தடைப்படுமே என்று அவர் அதை மறைத்துவிடுகிறார். ஆதலின் சமுதாயத்தின் காதில் விழுவதெல்லாம் மரணக் கதைகளாகவே இருக்கின்றன.

கல்வி இருந்தால் இச்சறுக்கல்கள் நீங்கிவிடுமா? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பல்லாயிரம் இளம்பெண்கள் இன்று ஐபோன்களைப் பொருத்தி அனுப்புகின்றனர். அக்கருவியை உலகுக்குத் தந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் கணையத்தில் ஒரு கட்டி கண்டறியப்பட்டது. கணையப் புற்றுக்களில் மெதுவாக வளரும் அரிய வகை அது, அறுவைக்கு ஏற்றது. அவரோ ஒன்பது மாதங்கள் உணவுமுறைகளையும் மாற்று வைத்தியங்களையும் நாடியிருந்துவிட்டு 2004 ஜூலையில்தான் அறுவைக்கு இசைந்தார். 2011இல் மறைந்தார். அத்தாமதம் அவர் ஆயுளைக் குறைத்ததா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால், உடல் திறக்கப்படுவதை அவர் விரும்பவில்லை என்பதும் பின்னர் அதற்காக வருந்தினார் என்பதும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியுள்ளன. செல்வமும் அறிவும் மிக்க ஒருவரே இவ்வாறு நடந்துகொண்டாரெனில், நம் தாய்மாரைக் கடிந்துகொள்ள நமக்கு என்ன உரிமை?

மருத்துவர் சொல்லும் சொல்லின் அமைப்பே முடிவை மாற்றிவிடுகிறது என்பதையும் அறிஞர் நிறுவியுள்ளனர். 1982இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. நோயாளிகள் 238 பேர், பட்டமேற்படிப்பு மாணவர் 491 பேர், மருத்துவர் 424 பேர் ஆகியோரிடம் தமக்கு நுரையீரல் புற்று வந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி, அறுவையா கதிர் சிகிச்சையா என்று கேட்டனர். ஒரு சாராருக்கு எத்தனை பேர் பிழைப்பர் என்ற கணக்கும், மறு சாராருக்கு எத்தனை பேர் இறப்பர் என்ற கணக்கும் தரப்பட்டன. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். ஆயினும் பிழைப்போர் கணக்கைக் கேட்டவர்களே அறுவையை மிகுதியாக நாடினர். அனுபவம் வாய்ந்த மருத்துவர்களும் இந்தத் தடுமாற்றத்துக்கு விலக்காகவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைப்பர் என்பதும் நூற்றுக்குப் பத்துப் பேர் இறப்பர் என்பதும் காகிதத்தில் ஒன்று. நடுங்கும் நெஞ்சில் ஒன்றல்ல. மருத்துவரிடம் ஒரு பக்கத்தைக் கேட்டவர் மறு பக்கத்தையும் கேட்டறிவது நலம்.

இவ்வுண்மைகளை ஆராயத் தனித்துறையே உருவாகியுள்ளது. அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் அறுவை நடந்த அதே நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில், 1977இல் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் புற்றுநோயாளிகளின் உளநலத்துக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அடையாறு நிறுவனத்திலும் உளப் புற்றுநோயியல் என்ற துறை இயங்குகிறது. நம் மக்களுள் பலர் இதை அறியார். மனநல ஆலோசகரிடம் பேசுமாறு கூறினால், எனக்கென்ன பைத்தியமா என்று சினம் கொள்வர்.

உள்ளத்தைப் பற்றிப் பேசுகையில் வயிற்றை மறத்தலாகாது. கதிர் சிகிச்சை என்பது பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் தொடர்வது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு அத்தனை நாள் ஊதியம் போகும். ஒருவேளை வேலையே போகும். நாளை வரக்கூடிய மரணத்தைக் காட்டிலும் இம்மாத வாடகை அருகில் நிற்கிறது. அருகிலிருப்பது பெரிதாகத் தோன்றுவது மனித இயல்பு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்ற தொழிலாளிக்குப் புற்றுநோய் கண்டால், சில நிபந்தனைகளுக்குட்பட்டு, ஊதியத்தில் 80 விழுக்காடு வரை இரண்டாண்டு காலம் நோய்க்கால உதவியாகப் பெற வழியுண்டு. மாதந்தோறும் சம்பளத்தில் அதற்கெனப் பிடித்தம் செய்யப்படுவதை அறிந்தவர் அதன் பயனை அறியார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவியும் உள்ளது. ஜுமுஆ மேடைகளில் இவற்றைச் சொல்வது உலகப் பேச்சு என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

இனி, நம்முடைய துறைக்கு வருவோம். சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் பலர் அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுகின்றனர். 'அல்லாஹ் நாடியது நடக்கும்' என்பது ஈமானின் சொல். அச்சத்தை மறைக்கும் திரையாகவும் அது பயன்பட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. சொல்பவருக்கே சில வேளைகளில் தெரியாது.

கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளுமாறு பணித்ததையும், முதுமையைத் தவிர்த்து எந்நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்தே இருக்கிறான் என்று அறிவித்ததையும் உஸாமா பின் ஷரீக் (ரலி) வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி எட்டியது. அவர்கள் முதலில் முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளிடம் ஆலோசித்தார்கள், அங்கும் வேறுபட்டது. குறைஷிப் பெரியோரிடம் கேட்ட பின்னர் திரும்பிச் செல்வதென முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கை உவமை காட்டினார்கள். எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் விதிப்படியே மேய்க்கிறோம். இந்நிகழ்ச்சியில் விதியைப் பற்றிய விடையை மட்டும் நாம் மேடைகளில் எடுத்துரைக்கிறோம். மூன்று முறை கேட்டறிந்த ஆலோசனையை விட்டுவிடுகிறோம். தக்தீரின் மீது உமரை விஞ்சிய நம்பிக்கை உடையவர் நம்மில் யார்? அவர்களே செய்தியைக் கேட்டு, ஆலோசித்து, அதன் பின்னர் முடிவு செய்தார்கள்.

இஸ்திகாராவும் இவ்வாறே. ஒரு காரியத்தை நாடி முனைந்தவர் தொழுது கேட்கும் துஆ அது, ஆலோசனைக்குப் பகரமானதன்று. கனவு வரவேண்டும் என்று ஹதீஸில் இல்லை. கனவுக்காகக் காத்திருந்து மூன்றாம் மாதமும் கழித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவின் தவக்குல் பகுதியில் செய்துள்ள பகுப்பு ஆழ்ந்து நோக்கற்பாலது. துன்பம் நீக்கும் காரணங்களை அவர்கள் மூவகையாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் போல உறுதியானவை ஒரு வகை. இரத்தம் குத்தி எடுத்தல், மருந்து உண்ணல் போலப் பயன் தரக்கூடும் என்று வலுவாக எண்ணப்படுபவை ஒரு வகை. சூடு போடுதல் போல ஐயத்துக்குரியவை ஒரு வகை. முதல் வகையைக் கைவிடுவது தவக்குல் ஆகாது என்பதோடு, உயிருக்கு அஞ்சும் நிலையில் ஹராமும் ஆகும். இரண்டாம் வகையைக் கைக்கொள்வது தவக்குலுக்கு முரணன்று. அதை விடுவதும் தடுக்கப்பட்டதன்று. இமாமவர்கள் ஹிஜ்ரி 505இல், கிபி 1111இல் மறைந்தார்கள். அக்கால மருத்துவம் அனைத்தும் இரண்டாம், மூன்றாம் வகைகளில் அடங்கியிருந்தது இயல்பே.

இன்றைய புற்றுநோய் சிகிச்சையை எவ்வகையில் வைப்பது? ஒரே வகையில் வைக்க முடியாது என்பதே நம் கருத்து. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, மார்போடு நின்றுவிட்ட புற்று உடைய பெண்களில், மற்றப் பெண்களோடு ஒப்பிடுகையில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு நூற்றுக்கு 99 என்ற அளவில் உள்ளது. தொலை உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 30. நம் நாட்டு நிலை இதனின் வேறுபடும். எனினும் தொடக்கத்துக்கும் முற்றலுக்கும் உள்ள இடைவெளி எங்கும் உண்டு. முதல் நிலையில் சிகிச்சை, தாகத்துக்குத் தண்ணீர் என்ற வகையை நெருங்குகிறது. முற்றிய நிலையில் அதே சிகிச்சை இரண்டாம் வகைக்கும், சில வேளை மூன்றாம் வகைக்கும் இறங்கிவிடுகிறது. நோய் ஒன்று, மருந்து ஒன்று. காலம் கடந்ததால் ஹுக்மே மாறுகிறது. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், சிகிச்சையைக் கைவிடுவது உயிரிழப்புக்கோ உறுப்பிழப்புக்கோ இட்டுச் செல்லுமாயின் அது வாஜிப் என்றும், ஏனைய நிலைகளில் அதற்கேற்ப மாறுபடும் என்றும் தீர்மானித்தது.

இப்பாகுபாடு நம் முன்னோர்க்குப் புதிதன்று. தொடக்கத்தில் சிறிதாக இருக்கும் புற்றை வேரோடு அகற்ற இயலும் என்று இப்னு ஸீனா எழுதினார். குர்துபாவின் அறுவை வல்லுநர் ஸஹ்ராவீ, நாட்பட்டுப் பெருத்துவிட்ட புற்றை நெருங்காதீர் என்றும், அத்தகைய ஒருவரையும் தாம் குணப்படுத்தியதில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் காட்டிய இந்த நேர்மை நம்மை வியக்க வைக்கிறது.

இனி மறைத்தல் பற்றி. நம் குடும்பங்களில் நோயாளியைத் தவிர அனைவரும் நோயை அறிந்திருப்பர். எழுத்தறியாத பாட்டியைத் தோல் ஆஸ்பத்திரி என்று சொல்லி அடையாற்றுக்கு அழைத்துச் செல்வர். வரிசையில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவார். பாட்டியும் அறியாதவர் போல் இருந்துவிடுவார், பிள்ளைகள் வருந்துவார்களே என்று. இருதரப்பும் ஒருவர்க்கொருவர் நாடகமாடுவதில் அன்பு இருக்கிறது; ஆலோசனைக்கு மட்டும் இடமில்லாமல் போகிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயில் இருந்தபோது வீட்டார் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்து ஊற்றினர். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிகள் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று வீட்டார் கருதிக்கொண்டனர். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று நபியவர்கள் கடிந்துகொண்டார்கள். அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த அனைவருக்கும் அம்மருந்தைப் புகட்டச் செய்தார்கள். மருத்துவம் செய்யப் பணித்த அதே நபியவர்கள்தாம் இதையும் செய்தார்கள். 'நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள்' என்று வீட்டார் கருதிய அந்த எண்ணத்தைக் கவனியுங்கள். நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இன்றும் கேட்கும் பேச்சு அது. ஒரு சைகைகூட நோயாளியின் சொல்லாக மதிக்கப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மற்றொரு நிகழ்ச்சியை, சிகிச்சை வேண்டாம் என்போர் ஆதாரமாகக் காட்டுவர். வலிப்பு நோயுற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர் தமக்காக துஆ செய்யக் கோரினார். விரும்பினால் பொறுமை கொள்ளலாம், சுவனம் உண்டு. விரும்பினால் குணமடைய துஆ செய்கிறேன் என்று நபியவர்கள் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார்; வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ செய்யுமாறு வேண்டினார்; நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அப்பெண்மணி விட்டுக்கொடுத்தது மருந்தை அன்று. அதனினும் மேலாக, நபியவர்கள் இரு வழிகளையும் அவர் முன் வைத்து அவரிடமே கேட்டார்கள். அவருடைய கணவரிடமோ சகோதரரிடமோ கேட்கவில்லை. அவர் மனத்தை உண்மையில் வாட்டியது நோயன்று, ஆடை விலகுவது என்பதும் கேட்ட பின்னரே வெளிப்பட்டது. அதற்கு விடை கிடைத்ததும் அவர் முடிவு நிலைபெற்றது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மயக்கத்திலிருந்த பெண் ஒருவரின் தாயாரிடம் மட்டும் இசைவு பெற்று அவருடைய கருப்பையை அகற்றிய வழக்கில், தகுதியுள்ள வயதுவந்த நோயாளியின் இசைவே இசைவு என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்னர்க் கூறிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானமும் தகுதியுள்ள நோயாளியின் இசைவை நிபந்தனையாக்கியுள்ளது. எல்லாவற்றையும் அனைவரிடமும் கொட்டிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்பதே முறை. மகனே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவு. அகாடமியின் அதே தீர்மானம், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழத்தல் கூடாது என்றும், நோயாளியின் மனவலிமையைப் பேணுவது மருத்துவர் உறவினர் ஆகியோரின் கடமை என்றும் கூறுகிறது. உண்மையைச் சொல்வதும் நம்பிக்கையைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று அது கருதவில்லை.

பெண்களின் நாணம் தனியே பேசத்தக்கது. பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்ப்பதும் தொடுவதும் நிர்ப்பந்தச் சட்டப்படி ஆகும் என்பதில் ஃபகீஹ்களிடையே பிணக்கில்லை. போர்க்களத்தில் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற பெண்கள் காயமுற்ற ஆடவருக்கு மருத்துவம் செய்ததும் பதிவாகியுள்ளது. சட்டம் தெளிவாக இருந்தும் நாணம் தீர்வதில்லை. நாணம் சட்டத்தால் பிறந்ததன்று. உடன் ஒரு பெண் உறவினர் நிற்க அனுமதி கேட்பது, பெண் மருத்துவரிடம் முன்னரே நேரம் பெறுவது போன்ற சிறு ஏற்பாடுகள் ஃபத்வாவைக் காட்டிலும் பயன் தருகின்றன.

சிகிச்சையை நிறுத்தும் முடிவும் ஒரு முடிவே. முற்றிய நுரையீரல், பெருங்குடல் புற்றுக்குக் கீமோதெரபி பெற்றுவந்த 1193 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் நோயாளிகளில் 69 விழுக்காட்டினரும் பெருங்குடல் நோயாளிகளில் 81 விழுக்காட்டினரும் அம்மருந்து நோயை முற்றாகத் தீர்க்க வாய்ப்பில்லை என்பதை உணர்ந்திருக்கவில்லை. பயன் அரிதாகிவிட்ட நிலையில், இறுதி நாள்களை வீட்டில் தொழுகையோடும் பேரப்பிள்ளைகளோடும் கழிக்க விரும்பும் ஒருவரைத் தற்கொலை செய்பவர் என்று சிலர் பேசுவது கொடுமை. கஸ்ஸாலீ இமாமின் பகுப்பே அவருக்குப் போதிய ஆதாரம். வலிக்கு மார்ஃபின் பெறுவதையும் போதை என்று அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் மேற்பார்வையில் நிர்ப்பந்தத்துக்கு அது ஆகும். 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அதைப் பெறும் முறையும் எளிதாக்கப்பட்டுள்ளது.

அந்த இளைஞர் ஐந்து மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். கட்டி வளர்ந்து அக்குளுக்கும் பரவியிருந்தது. இம்முறை நாம் அவருடன் அவர்கள் வீட்டுக்கே சென்றோம். முன்னர்ச் சொன்னது தவறு என்று அந்தத் தாயாரிடம் கூறினோம். மகன் தலைகுனிந்து நோயின் பெயரைச் சொன்னார். அவர் அழவில்லை. ரிப்போர்ட்டை வைக்கும் பையில் மருத்துவமனையின் பெயர் இருந்ததைப் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தபோதே ஐயம் வந்ததாகச் சொன்னார். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தவர் கதவோரத்தில் நின்றபடியே கேட்டார்: "ஹஜ்ரத், பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கரண்ட் வைத்தியம் செஞ்சப்ப மார்ல மையால கோடு போட்டு, அழியாமப் பார்த்துக்கச் சொன்னாங்களாம். நாப்பது நாள் அப்படி இருந்தா என் குளிப்பு என்ன ஆகுறது? தொழுகை கூடுமா?"

இக்கேள்வி அவர் மனத்தில் இருந்ததை மகனும் அறியவில்லை, நாமும் அறியவில்லை. கதிர் பாய்ச்ச வேண்டிய இடத்தைக் குறிக்கும் அந்த மை தோலின் மேல் படிந்த நிறமே. நீரைத் தடுக்கும் படலமாக இல்லாத வரை அது குளிப்பைத் தடுக்காது. தேய்க்காமல் நீரை மெல்ல ஊற்றினால் போதும். அவ்விடத்தில் நீரே படலாகாது என்று மருத்துவர் தடுத்தால், மற்ற இடங்களைக் கழுவி, தடுக்கப்பட்ட இடத்துக்கு ஈர மஸ்ஹாலோ தயம்மும்மாலோ ஈடு செய்ய மத்ஹபுகளில் வழியுண்டு. உளூவில் மார்பைக் கழுவும் கடமையே இல்லையாதலால் அன்றாடத் தொழுகைக்கு யாதொரு இடையூறும் இல்லை. இவற்றை விளக்கிச் சொன்னோம். இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்து, "திங்கக்கிழமை உனக்கு எந்த ஷிப்ட்டு?" என்றார்.